கூட்டம் போகாத இடம்... பட்ஜெட்டுக்குள் அட்வென்ச்சர்! சேலம், நாமக்கல்லில் இருந்து வெளிநாட்டு ட்ரிப் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறி இறங்கியாச்சு. ஏற்காடு அலுத்துப் போச்சு. ‘அடுத்து வெளிநாடு போலாமா?’ என்ற பேச்சு சேலம், நாமக்கல் பக்கத்து நண்பர்கள் வட்டத்தில் இப்போது சர்வ சாதாரணம். பேச்சு ஆரம்பித்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுவது தாய்லாந்து, பாலி, துபாய் பேக்கேஜ் போஸ்டர்கள்தான்.

கடற்கரையும் ஷாப்பிங்கும் போதும் என்றால் அந்த போஸ்டர்களே போதும். மலையேற்றம், ராஃப்டிங், குகைப் பயணம், மலைப்பாதை பைக் ரைடு என்று தேடுபவர்களுக்கு அவை உதவாது. அவர்களுக்கு ஏற்ற இடங்கள் பெரும்பாலும் பிரபல இடத்துக்குப் பக்கத்திலேயே, பாதிச் செலவில், சத்தமில்லாமல் இருக்கின்றன. ஆனால் கூட்டம் இல்லாத எல்லா இடமும் நல்ல இடம் கிடையாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கூட்டம் ஏன் இல்லை?

ஒரு இடத்துக்கு ஆட்கள் போகாமல் இருப்பதற்கு ஏதாவது காரணம் இருக்கும். டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பக்கத்தில் பேர் பெற்ற இடம் ஒன்று இருந்து, எல்லோரும் அங்கேயே போய்விடுவது ஒரு காரணம். விமானம் கிடையாது, 8 மணி நேரம் பஸ்ஸில் குலுங்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டும் பயணிக்கு லாபம். வருடத்தில் மூன்று, நான்கு மாதம்தான் சீசன் என்பதும் ஒரு காரணம். சீசனில் போனால் லாபம், மற்ற மாதத்தில் ஆபத்து. நான்காவதாக, அங்கே ஆஸ்பத்திரி இல்லை, மீட்புக் குழு இல்லை, பாதுகாப்பு சரியில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மலிவு இல்லை.

வெளிநாடு வரை போக வேண்டாம். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னையில் இருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியில் இருந்தும் போன மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நல்ல கோடை, காய்ந்த புல், சட்டென்று வெளியேற வழியில்லாத சரிவு. அதே மலை வேறு மாதத்தில் பச்சைப் பசேல் என்று இருக்கும். இடத்தைப் போலவே மாதமும் முக்கியம் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

நேபாளம்: எவரெஸ்ட் வேண்டாம், லாங்டாங் பாருங்க

நேபாளம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது எவரெஸ்ட் பேஸ் கேம்ப். 5,364 மீட்டர் உயரம். அங்கே நடப்பதற்கு முன் லுக்லா என்ற ஊருக்குக் குட்டி விமானத்தில் போக வேண்டும். பட்ஜெட்டைக் கடிப்பதே அந்த விமானம்தான். வானிலை கெட்டால் நாள்கணக்கில் காத்திருக்க நேரிடும். சீசன் நேரத்தில் அந்த விமானங்கள் பல காத்மாண்டுவில் இருந்து கிளம்புவதில்லை. நான்கு மணி நேரத்துக்கும் மேல் சாலையில் போய் ராமேச்சாப்பில் ஏற வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்றாகக் காத்மாண்டுவுக்கு வடக்கே இருக்கிறது லாங்டாங் பள்ளத்தாக்கு. உள்நாட்டு விமானமே தேவையில்லை. காத்மாண்டுவில் பஸ் ஏறினால் 7, 8 மணி நேரத்தில் சியாப்ருபேசி. அங்கிருந்து நடை. காட்டுக்குள் ஆற்றை ஒட்டி ஏறி, மூன்று நான்கு நாளில் 3,870 மீட்டரில் உள்ள கியாஞ்சின் கோம்பாவை அடையலாம். மூன்று பக்கமும் பனிமலை. உடம்பு ஒத்துழைத்தால் அங்கிருந்து 5,000 மீட்டரைத் தொடும் செர்கோ ரி சிகரத்துக்கு ஒரே நாளில் ஏறி இறங்கலாம். போகவர ஒரு வாரம் போதும்.

இந்தியர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. லாங்டாங் தேசியப் பூங்காவின் அடிப்படை நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய். சார்க் நாட்டினருக்கு 1,500 மட்டுமே. மலையேறுவோர் பதிவு அட்டையான டிம்ஸ், சார்க் நாட்டினருக்கு 1,000. நமது 1 ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். ஆக இரண்டும் சேர்த்து நம்ம பணத்தில் சுமார் 1,560 ரூபாய்.

வழியில் தங்குவது டீ ஹவுஸ் எனப்படும் சின்ன விடுதிகளில். அறை வாடகை குறைவாகவே இருக்கும். ஆனால் சாப்பாடும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. மேலே போகப் போக விலை ஏறும், எல்லாமே கோவேறு கழுதையிலோ ஆள் முதுகிலோ வருகிற சரக்கு. நம்ம ஆட்களுக்கு ஒரு ஆறுதல், ‘தால் பாத்’. சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

லாங்டாங்குக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் மேலிருந்து சரிந்த பனியும் பாறையும் லாங்டாங் கிராமத்தையே மூடிவிட்டன. ஊர் மக்கள், மலையேற வந்தவர்கள் என நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். தப்பியவர்கள் திரும்பி வந்து விடுதிகளைக் கட்டி எழுப்பினார்கள். இன்று அங்கே ஒருவர் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அந்தக் குடும்பங்களுக்குத்தான் போகிறது. பேரம் பேசும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

எப்படிப் போவது? பெங்களூரு போய் விமானம் பிடிப்பது ஒரு வழி. காசைவிட நாள் அதிகம் இருந்தால், சேலம் ஜங்ஷன் வழியாகவே போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரத்தில் சோனாலி எல்லையைக் கடக்கலாம். ரயிலிலேயே இரண்டு நாளுக்கு மேல் ஆகும், முதுகு வலிக்கும். பத்து நாள் லீவு மட்டும் உள்ளவர்களுக்கு இது சரிவராது.

விசா தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கட்டாயம். ‘ஆதார் இருக்கே’ என்று ஏர்போர்ட் வரை போய் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு நேபாளம் போக ஆதார் செல்லாது. பெரிய மதிப்பு இந்திய நோட்டுகள் பற்றிய விதியும் அடிக்கடி மாறுவதால், கையில் 100 ரூபாய் நோட்டுகளாக வைத்திருப்பது நிம்மதி. யு.பி.ஐ. நகரக் கடைகளில் உதவும், மலையில் பணம்தான்.

2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் மலையேறக் கூடாது என்று நேபாள சுற்றுலா வாரியம் அறிவித்திருக்கிறது. அதைச் செலவாகப் பார்க்காமல் பாதுகாப்பாகப் பார்ப்பது நல்லது. நான்கு பேர் சேர்ந்து போனால் தலைக்கு விழும் தொகை குறைவு.

உயரம் விளையாட்டல்ல

சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர் உயரம்கூட இல்லை. ஏற்காட்டின் உச்சியான சேர்வராயன் கோயில் சுமார் 1,620 மீட்டர். அதற்கு மேல் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது இங்கிருந்து போகிற பலருக்குத் தெரியவே தெரியாது. தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கும் மலை நோய் வரும், அதற்கும் உடல் பலத்துக்கும் சம்பந்தமில்லை.

மருத்துவ வழிகாட்டுதல் இதுதான்: 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் கீழே இறங்க வேண்டும். ‘6 நாள் ட்ரெக்கை 4 நாளில் முடித்துத் தருகிறோம்’ என்று விலையைக் குறைக்கும் ஏஜென்சியிடம் இருந்து ஒதுங்கிப் போவதே மேல். அவர்கள் குறைப்பது இந்த ஓய்வு நாளைத்தான்.

இலங்கை: தமிழ் பேசியே நடக்கலாம்

உயரம் பயமாக இருக்கிறதா? பக்கத்தில் இலங்கை. பலரும் எல்ல ஊரின் ஒன்பது வளைவுப் பாலத்தில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மலைகளுக்கு நடுவே ‘பீக்கோ ட்ரெயில்’ என்ற நடைபாதை இருக்கிறது. கண்டியில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். பிரிட்டிஷ் காலத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து உருவாக்கியது. மொத்தத்தையும் நடக்க வேண்டியதில்லை. மூன்று கட்டம் நடந்துவிட்டு, பக்கத்து ஊரில் ரயிலோ பஸ்ஸோ பிடித்துத் திரும்பலாம். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் ஆரம்பக் கட்டங்களிலேயே வந்துவிடுகிறது.

இந்தப் பாதையில் நம்ம ஊர்க்காரருக்குக் கிடைக்கும் சலுகை வேறு யாருக்கும் கிடைக்காது. தோட்டங்களில் பேச்சு மொழி தமிழ். 19-ம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் இருந்து காபி, தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள்தான் மலையகத் தமிழர்கள். வழி கேட்பது, சாப்பாடு கேட்பது, பஸ் நேரம் கேட்பது எல்லாமே தமிழில் முடியும். ஆனால் ஒன்று. அவர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள் சுற்றுலாத் தலமல்ல. கேமராவைத் தூக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை.

2,243 மீட்டர் உயர சிவனொளிபாத மலை இன்னொரு தேர்வு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை சீசன். அப்போது இரவு முழுக்கப் பாதையில் விளக்கு எரியும், டீக்கடை திறந்திருக்கும். அடிவார ஊரின் பெயர் நல்லதண்ணி! சீசன் முடிந்தால் விளக்கும் இருக்காது, மழையும் அட்டைக்கடியும் உண்டு. ராஃப்டிங் வேண்டும் என்பவர்களுக்கு, கொழும்பில் இருந்து சுமார் 90 கிலோமீட்டரில் களனி ஆற்றங்கரை ஊரான கித்துல்கல. முதல்முறை படகு ஏறுபவர்களுக்கு ஏற்ற வேகம்.

ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் இலங்கை மலையகம் நிலச்சரிவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ரயில் பாதைகளும் சேதமடைந்தன. எந்தக் கட்டம் திறந்திருக்கிறது, எந்த ரயில் ஓடுகிறது என்பதைத் தங்குமிடத்துக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். இந்தியர்களுக்கான விசா விதியும் கடந்த சில வருடங்களில் பலமுறை மாறியிருக்கிறது. அரசின் இ.டி.ஏ. தளத்தை மட்டும் நம்புங்கள்.

வியட்நாம்: பைக் பிரியர்கள் கவனிக்க!

லாரித் தொழில் ஊரான நாமக்கல்லில் டிரைவிங் தெரியாதவர்கள் குறைவு. அவர்களுக்கு ஏற்ற இடம் வியட்நாமின் வட எல்லையில் உள்ள ஹாசாங். ஹனோயில் இருந்து பஸ்ஸில் சுமார் 300 கிலோமீட்டர். அங்கிருந்து சுண்ணாம்புப் பாறை மலைகளுக்கு நடுவே 350 கிலோமீட்டர் வட்டப் பாதை, மூன்று நான்கு நாள். நடுவில் வரும் மா பி லெங் கணவாயில் பைக்கை நிறுத்திக் கீழே எட்டிப் பார்த்தால், பச்சை நிறத்தில் ஒரு கோடு போல ஆறு தெரியும். 2025 ஜூலையில் ஹாசாங் மாகாணத்தை துயென் குவாங் மாகாணத்துடன் இணைத்துவிட்டார்கள். மேப்பில் பெயர் மாறித் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

பைக் கடையில் வண்டியை யாருக்கும் வாடகைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் சட்டப்படி ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. நம்ம ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியான அனுமதியை. ஆக, ஊரில் 20 வருஷம் வண்டி ஓட்டியவராக இருந்தாலும் அங்கே அவர் லைசென்ஸ் இல்லாதவர். போலீஸ் அபராதம் சின்ன விஷயம். விபத்து நடந்தால் லைசென்ஸ் இல்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடும். ஆஸ்பத்திரி பில் மொத்தமும் குடும்பத்தின் தலையில். இதற்கு வழி, ‘ஈஸி ரைடர்’. உள்ளூர்க்காரர் ஓட்டுவார், நீங்கள் பின்னால் உட்காரலாம். கெத்து கொஞ்சம் குறையும்தான், ஆனால் வேடிக்கை பார்க்க இரண்டு கண்ணும் ஃப்ரீ.

குகை ஆர்வம் இருந்தால் மத்திய வியட்நாமின் ஃபோங் நா. உலகின் மிகப்பெரிய குகையான சோன் தூங் இங்கேதான் உள்ளது. அதற்குள் போகும் பயணத்துக்குத் தலைக்கு 3,000 டாலர். அதே தேசியப் பூங்காவில் சாதாரண டிக்கெட் எடுத்து மரநடைபாதையில் நடந்து பார்க்கும் பாரடைஸ் குகையும் இருக்கிறது.

வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை. அரசு தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இதற்கு இரண்டு மூன்று மடங்கு வாங்குகின்றன, உஷார். திருச்சியில் இருந்து ஹோ சி மின் நகருக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. நாமக்கல்லில் இருந்து திருச்சி ஏர்போர்ட் சுமார் 90 கிலோமீட்டர்தான் என்பதால், பெங்களூரு டிக்கெட்டோடு ஒப்பிடும்போது டாக்சி, பஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அந்த விமானம் உங்கள் தேதியில் ஓடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு எங்கே? எங்கே வேண்டாம்?

கஜகஸ்தானில் இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். அல்மாட்டியில் இறங்கினால் சாரின் பள்ளத்தாக்கும் கோல்சாய் ஏரிகளும் ஒரு நாள் பயணத்தில். பக்கத்து நாடான கிர்கிஸ்தானை நம்ம ஊரில் பலரும் மருத்துவப் படிப்புக்கான நாடாக மட்டுமே பார்க்கிறார்கள். அங்கே 3,016 மீட்டர் உயரத்தில் சோங் குல் ஏரிக்கரையில், மேய்ப்பர்களின் வட்டக் கூடாரத்தில் தங்கிக் குதிரையில் சுற்றலாம். அவர்களின் 1 சோம் கிட்டத்தட்ட நம்ம 1 ரூபாய் என்பதால் கணக்குப் போடுவதும் ஈஸி. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் சீசன். 2024 மே மாதம் தலைநகர் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைத்து வன்முறை நடந்ததையும் மறக்கக் கூடாது. கிளம்பும் முன் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

லாவோஸின் வாங் வியெங், ஆற்றில் கயாக் விடவும் குகை பார்க்கவும் மலிவான ஊர். ஆனால் 2024 நவம்பரில் அங்கே மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் உயிரிழந்தார்கள். இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் மதுவைத் தொடவே வேண்டாம். ‘ட்ரிப் முடிச்சிட்டு அங்கேயே டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் நாங்க போடறோம்’ என்று லாவோஸ், கம்போடியா, மியான்மர் பெயரைச் சொல்லி யாராவது வந்தால், அது பயணமே அல்ல. சைபர் மோசடிக் கும்பல்களிடம் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிக்கியது இப்படித்தான்.

செலவில் எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?

விமான டிக்கெட் ஒருமுறை செலவு. நாள் செலவுதான் பட்ஜெட்டைத் தீர்மானிக்கிறது. டிக்கெட் 5,000 ரூபாய் குறைவு என்று போய், தினம் 3,000 கூடுதலாகச் செலவாகும் ஊரில் பத்து நாள் இருந்தால் கணக்கு உதைக்கும். தங்குமிடம், சாப்பாடு, ஷாப்பிங் மூன்றிலும் தாராளமாக வெட்டலாம். வழிகாட்டி, ஷூ, இன்சூரன்ஸ் இந்த மூன்றில் கை வைக்கக் கூடாது.

சாதாரண டிராவல் பாலிசிகள் பலவற்றில் ‘அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்’ விலக்குப் பட்டியலில் இருக்கும். ராஃப்டிங், பாராகிளைடிங், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றம் இவற்றுக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும். எத்தனை மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். நேபாளத்தில் தேவையே இல்லாமல் ஹெலிகாப்டர் வரவழைத்து இன்சூரன்ஸ் பணம் கறக்கும் மோசடி பற்றி அந்நாட்டு அரசே 2018-ல் விசாரணை நடத்தியது. அதனால் வழிகாட்டி சொன்னதும் ஏறிவிடாமல், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத பட்சத்தில், பாலிசி நிறுவனத்தின் எண்ணுக்கு நீங்களே பேசிவிடுங்கள்.

டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைக்காமல் இருந்தால்.

எந்த லீவுக்கு எங்கே?

பொங்கல் விடுமுறைக்கு சிவனொளிபாத மலை சரியாக இருக்கும். ஏப்ரல், மே பள்ளி விடுமுறை என்றால் லாங்டாங். ஜூலை, ஆகஸ்டில் நேபாளம் மழையில் நனையும், அட்டையும் நிலச்சரிவும்தான் மிச்சம். அந்த நேரம் மத்திய ஆசியாவுக்கு. ஆடி 18-க்குக் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா பார்க்காமல் எங்கேயும் வரமாட்டோம் என்பவர்கள் அதற்கப்புறம் கிளம்பினாலும் கிர்கிஸ்தானில் சீசன் மிச்சம் இருக்கும். ஆயுத பூஜை முதல் தீபாவளி வரை நேபாளம், ஹாசாங் இரண்டுமே பிரமாதம். ஆனால் நம்ம நவராத்திரிதான் நேபாளத்தின் தசைன். நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும், பஸ் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவு அவசியம்.

தயாராக இரண்டு மாதம் போதும். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏறும் ஆயிரம் படிகள் இலவச ஜிம். பயணத்தில் தூக்கப் போகிற அதே பையை, அதே எடையோடு முதுகில் மாட்டிக்கொண்டு, அதே ஷூவில் மூன்று நான்கு வார இறுதிகள் ஏறிப் பாருங்கள். புது ஷூவோடு மலையேறினால் இரண்டாம் நாளே கால் கொப்பளித்துவிடும். காட்டுப் பாதையில் பழக வேண்டுமென்றால், 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய தமிழக அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் அனுமதியோடு, வழிகாட்டியோடு பதிவு செய்யலாம்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பிக்கலாம். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தத்கால் என்றால் கூடுதலாக 2,000. ஏற்கெனவே இருப்பவர்கள் காலாவதித் தேதியை எடுத்துப் பாருங்கள். ஊர் திரும்பும் நாளில் இருந்து இன்னும் 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் செக்-இன் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.